மூன்று லட்சம் இருக்கிறது: டேப் வாங்குவதா, நூலகம் வைப்பதா?

ஏற்காடு டவுனைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு மலைக் கிராமத்து அரசு நடுநிலைப்பள்ளி. அங்கே படித்துவிட்டு இப்போது சேலம், ஓசூர், திருப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போயிருக்கும் நாங்கள் சிலர், பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பணம் போட ஆரம்பித்து அது மூன்று லட்சத்தை எட்டிவிட்டது. பணம் சேரும்வரை வாட்ஸாப் குழுவில் ஒரே பாச மழை. சரி, என்ன வாங்கலாம் என்று ஒருவர் கேட்டதோடு அது நின்றது. பிள்ளைகளுக்கு டேப் (டேப்லெட் கம்ப்யூட்டர்) வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கோஷ்டி. நல்லதாக ஒரு நூலக அறை என்று இன்னொரு கோஷ்டி. வகுப்புக்கு வகுப்பு திறந்த ரேக்கில் புத்தகம் வைத்து, பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு ஆளையும் போடலாம் என்று நாங்கள் மூன்று நான்கு பேர். எதுவும் வேண்டாம், பேங்கில் போட்டு வட்டியில் ஆண்டு விழாவுக்குப் பரிசு கொடுப்போம் என்று ஒரே ஒரு அண்ணன். அவர் யோசனையை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்ற மூன்றையும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே மாதிரி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் பழைய மாணவர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் நிறையப் பேர் இருப்பீர்கள். என் முடிவு என்ன என்பதை மறைக்கவில்லை: புத்தகம். ஆனால் நூலக அறை வேண்டாம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்காகத்தான் பாதிக் கட்டுரை.

முதலில் பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. அரசு ஸ்மார்ட் போர்டு கொடுத்திருக்கிறது. மின்சாரமும் இணையமும் ஒரே நேரத்தில் இருக்கும் நாட்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. பாடத்தை வீடியோவாகப் பார்க்க 2019-இலிருந்து கல்வித் தொலைக்காட்சி, 2023-இலிருந்து மணற்கேணி செயலி. அச்சில் என்றால் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில், படிக்கத் திணறும் பிள்ளைக்கு எது, சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு எது என்று பிரித்துக் கொடுத்தவை. அதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறிலிருந்து ஒன்பது வரை தேன்சிட்டு என்று இதழ்களும் உண்டு. ஆக, பாடம் சொல்லித்தரும் டிஜிட்டல் சாமானில் பெரிய பள்ளம் இல்லை. பள்ளம் எங்கே என்றால், நாலரை மணிக்கு மணி அடித்த பிறகு பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில் அப்பா அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பாவோடு தோட்டத்துக்கோ டவுனுக்கோ போயிருக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நம் மூன்று லட்சத்தில் எது போய்ச் சேரும்? எனக்கு இந்த ஒரு கேள்விதான் முக்கியம். மற்ற ஒப்பீடெல்லாம் இதற்குப் பிறகு.

டேப் கோஷ்டியின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பீரோவில் ஐநூறு புத்தகம் அடங்கும், ஒரு மெமரி கார்டில் ஐம்பதாயிரம் அடங்கும் என்று ஓசூரில் இருக்கும் நண்பன் சொல்வது கணக்குப்படி சரி. பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம், காசு கிடையாது, இறக்கி வைத்துக்கொள்ளலாம், அச்சடித்துக்கூடக் கொடுக்கலாம், அதன் உரிமமே அப்படி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998-இலிருந்து பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது (எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டுமா என்பது வேறு விஷயம்). இதோடு, நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய் உட்காரும்போது, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்காதவர்களாகப் போகக் கூடாது என்கிறான். நியாயம்தான்.

ஆனால் கணக்கை எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. உருப்படியான டேப் ஒன்று பன்னிரண்டாயிரம் என்று வைத்தால் இருபது டேப் 2,40,000. உறை, சார்ஜ் போட ஒரு பெட்டி, வயரிங், ஸ்டெபிலைசர் என்று மீதி அறுபதாயிரம் சத்தமில்லாமல் போய்விடும். பிள்ளைகள் ஏறக்குறைய நூற்றிருபது பேர், ஆறு பேருக்கு ஒரு டேப். மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி போகும், ஆண்ட்ராய்டு பழசாகி செயலிகள் ஏறாது, அப்போது மறுபடி எங்களிடம் பணம் இருக்குமா? கோடை இடி மின்னலில் மலையில் என்னென்ன சாமான் புகைந்திருக்கிறது என்பது அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாங்குவது ஒரு நாள் கூத்து, வைத்துக் காப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

காசை விடுங்கள், பலன் இருக்கிறதா? பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தைக் கிராமப்புறங்களில் பெரிய அளவில் செய்தார்கள். 319 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது: பிள்ளைகள் கம்ப்யூட்டரை நிறையப் பயன்படுத்தினார்கள், ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்வீடன் மாதிரியான பணக்கார நாடு, வகுப்பறையில் சீக்கிரமே டிஜிட்டலுக்குப் போன நாடு, 2023-இல் திரும்பி வந்து பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. இதை நான் குழுவில் போட்டதும் நண்பன் கடுப்பாகி, ஸ்வீடன் குழந்தைக்கு வீட்டில் நாலு ஸ்கிரீன், நம்ம ஊர்க் குழந்தைக்கு ஒன்றுகூட இல்லை, இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய் என்று கேட்டான். நல்ல கேள்வி. அதனால் ஸ்வீடனை நான் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

காகிதமா திரையா என்று படித்துப் புரிந்துகொள்வதை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு, புத்தகப் பிரியர்கள் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்ட வாசகர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. மொத்தத்தில் காகிதத்தில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிகிறது, அதுவும் நேரம் குறித்துப் படிக்கச் சொன்னால் வித்தியாசம் கூடுகிறது. போகப் போகத் திரை பழகி இடைவெளி குறையும் என்றுதானே நினைப்போம், 2000-லிருந்து 2017 வரை வந்த ஆய்வுகளில் அது கூடிக்கொண்டுதான் போயிருக்கிறது. ஆனால் இதெல்லாம் தகவல் சொல்லும் கட்டுரைகளுக்கு. கதை மட்டும் படித்தவர்களிடம் காகிதத்துக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாமோ பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கதைதான் கொடுக்கப் போகிறோம். அப்படியானால் திரை கெடுதல், காகிதம் அமிர்தம் என்று சொல்லி டேப்பை ஒதுக்க முடியாது. வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அந்த டேப் வீட்டுக்குப் போகாது.

போக விடவும் முடியாது. பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சாமானை மூன்றாம் வகுப்புப் பையன் கையில் கொடுத்து, அட்டைக்கடி பாதையில் மழையில் நடந்து போகச் சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்குத் தைரியம் வரும்? உடைந்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் யார் கட்டுவது? அப்பாவிடம் கேட்டால் அவர் பையனையே பள்ளிக்கு அனுப்பத் தயங்குவார். ஆக, டேப் பீரோவில் இருக்கும், வாரம் ஒரு மணி நேரம் வெளியே வரும், அதிகாரிகள் வரும் அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் வரும். குறை சொல்வதற்காக எழுதவில்லை, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன். தொலைந்தால் தாங்க முடியாத பொருளை எந்தப் பள்ளியும் பிள்ளைக்குக் கொடுக்காது. அறுபது ரூபாய்ப் புத்தகம் தொலையலாம், தாங்கும். புத்தகத்துக்கு என் கட்சியில் இருக்கும் பெரிய பலமே இதுதான். வாசனை, பக்கம் புரட்டும் சுகம் என்று கவிதை பாடுகிறவர்கள் பாடிக்கொள்ளட்டும்.

இனி நூலக அறைக்கு வருகிறேன், ஏனென்றால் இதே காரணம் அதையும் தட்டிவிடுகிறது. மலையில் மூன்று லட்சத்துக்குப் புது அறை கட்ட முடியாது. மணலும் ஜல்லியும் கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்கே தனிக் கூலி. ஆக, இருக்கிற ஒரு அறைக்கு டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி போட்ட அலமாரி நாலு, வட்ட மேசை, நாற்காலி, வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். இந்த அறையைக் கேட்டவர்கள் மனதில் அந்தக் கல் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது என்பது என் சந்தேகம். இதில் புத்தகத்துக்கு மிச்சம் ஐம்பதாயிரம் இருந்தால் ஆச்சரியம்.

பள்ளிக்கு நூலகம் வேண்டும் என்பதில் சட்டத்துக்கே சந்தேகம் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடத்துக்கும் புத்தகம் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நூலகத்துக்கென்று அரசுத் திட்டத்தில் பள்ளியின் அளவைப் பொறுத்து வருடத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை கொடுக்க விதியும் இருக்கிறது. ஆகப் பெரும்பாலான பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால், தலைமையாசிரியர் அறையில் பச்சை பீரோவுக்குள், மேலே உலக உருண்டை, கீழே பழைய விடைத்தாள் கட்டு, நடுவில் நூலகம். சாவி யாரிடம் என்பது அன்றைக்கு யார் விடுப்பு என்பதைப் பொறுத்தது.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர். புத்தகத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் ஆடிட் வரும்போது அந்த எண் கண்ணில் பட வேண்டும். ஒன்று குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும், சில சமயம் கைக்காசைப் போட வேண்டும். பதவி மாறும்போது ஒப்படைக்கிற பட்டியலில் அது இடிக்கும். புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை, எல்லாம் பத்திரம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே 'புத்தகம் பயன்பாட்டுக்கே' என்பது. நூறு வருடம் ஆகப் போகிறது, நம் பதிவேடு இன்னும் புத்தகம் இருப்புக்கே என்கிறது.

இதற்கு மேல் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு பீரோவில் ஐந்து வருடம் பூட்டிய புத்தகம் தூசி பிடித்திருக்கும், அவ்வளவுதான். மேலே, ஆடியில் ஆரம்பித்து மார்கழி வரை மாறி மாறி மழையும் பனிமூட்டமும், மூடிய இரும்பு பீரோவுக்குள் ஈரம் தங்கிவிடும். ஒரே வருடத்தில் பக்கமெல்லாம் பூஞ்சை, ஓரத்தில் வெள்ளிப்பூச்சி அரித்த கோலம், வழவழ தாள் புத்தகம் என்றால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாது. திறந்த ரேக், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, வெயில் அடிக்கும் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்து, இடையில் கொஞ்சம் வசம்பு. இப்படி வைத்துக் கை மாறிக்கொண்டே இருக்கும் புத்தகம்தான் அங்கே பிழைக்கும். கண்ணாடி அலமாரி பார்வைக்கு அழகு, ஏற்காட்டு ஈரத்துக்கு அது பூஞ்சை வளர்க்கிற பெட்டி.

சரி, அப்போது வகுப்புக்கு வகுப்பு புத்தகம் வைத்துவிட்டால் பிள்ளைகள் படித்துத் தள்ளிவிடுவார்களா? இங்கே என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு கசப்பு மருந்து இருக்கிறது. கர்நாடகத்தில் ஒரு பள்ளி நூலகத் திட்டத்தை, சில பள்ளிகளுக்குக் கொடுத்து சிலவற்றுக்குக் கொடுக்காமல், முறையாகச் சோதித்தார்கள். 16 மாதம் கழித்து மொழித்திறன் தேர்வு வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பெண். 2012-இல் வெளியான முடிவு. டேப்புக்குப் பெருவைக் காட்டிய நான் இதை மறைத்தால் அது அயோக்கியத்தனம். அதே காலகட்டத்தில், அந்தக் கர்நாடக ஆய்வில் இருந்த பொருளாதார அறிஞர் ஒருவரும் சேர்ந்து, பிலிப்பைன்ஸில் டார்லாக் மாகாணத்தில் 100 பள்ளிகளில் வேறொன்றைச் சோதித்தார்கள். நான்காம் வகுப்புக்கு வயதுக்கேற்ற புத்தகங்களைக் கொடுத்து, அதை வைத்து என்ன செய்வது என்று ஆசிரியருக்கும் பயிற்சி கொடுத்து, 31 நாள் வாசிப்புத் திருவிழா மாதிரி நடத்தினார்கள். அங்கே பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியது, வீட்டிலும் அவர்களாகவே கூடுதலாகப் படித்தார்கள். திட்டம் முடிந்து மூன்று மாதத்தில் பலன் கொஞ்சம் தேய்ந்தது, ஆனால் அடியோடு போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: புத்தகம் இருப்பதும் படிப்பதும் வேறு வேறு. நடுவில் ஒரு ஆள் வேண்டும். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன வாரம் எடுத்துப் போன கதை எப்படி இருந்தது என்று கேட்டு, இதைப் படிச்சுப் பாரு என்று இன்னொன்றை நீட்டுகிற ஆள். ஆசிரியர்களால் முடியாதா என்றால், எட்டு வகுப்புக்குக் கையளவு ஆசிரியர்கள், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரம் பதிவேற்றுவது, பயிற்சி, தேர்தல் வேலை. கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது கணக்கு சாருக்குக் கடனாகப் போய்த் திரும்பி வராது. தனியாக ஆள் போடாமல் நடக்காது.

ஆளுக்கு எங்கே போவது? ஊரிலேயே இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பு எடுத்த பெண்கள் ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் உண்டு, பிள்ளைகளை வசப்படுத்தத் தெரிந்தவர்கள், எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பது வரை அறிந்தவர்கள். அப்படி ஒருவரை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை, மாதம் நாலாயிரம் கொடுத்து வைத்துக்கொண்டால் வருடத்துக்குப் பத்து மாதம், நாற்பதாயிரம். இரண்டு வருடத்துக்கு எண்பதாயிரம். நன்கொடைக்காரர்களுக்கு இது பிடிக்காத செலவு, படம் எடுத்துப் போட முடியாது, பெயர் பொறிக்க முடியாது. எனக்கு மூன்று லட்சத்தில் இதைவிட உருப்படியான செலவு தெரியவில்லை. நாலாயிரம் குறைவு என்பதும் தெரியும். யாராவது மாதாமாதம் இன்னும் ஆயிரம் சேர்த்துப் போட முன்வந்தால் முதலில் அது இந்தப் பெண்ணுக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் தொலையும் புத்தகம். இதற்கு நாங்கள் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம் என்று சொன்னதும் குழுவில் சிரித்தார்கள். ஆனால் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. நன்கொடைப் புத்தகத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது, வருடத்துக்கு எவ்வளவு வரை கிழிந்தது, தொலைந்தது என்று கழிக்கலாம், அதற்கு எந்த ஆசிரியரையும் பிள்ளையையும் கேட்க மாட்டோம் என்பதைத் தலைமையாசிரியரோடு பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானம் இருந்தால் தலைமையாசிரியருக்கும் தெம்பு. அரசுப் பணத்தில் வாங்கிய புத்தகத்துக்கு விதி வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது. ஓசூர் நண்பன் மாதாமாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை திரும்பவில்லை என்று குழுவில் போடச் சொல்கிறான். தாராளமாகப் போடலாம். திரும்பாத எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் எனக்குத்தான் சந்தேகம் வரும், மறுபடி பீரோவுக்குள் போய்விட்டதோ என்று.

என்ன புத்தகம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். நூலகம் வைக்கப் போகிறோம் என்று வெளியே சொன்னால் போதும், வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லோரும் மூட்டை அனுப்புவார்கள்: பழைய கைடு, போட்டித் தேர்வு வினாடி வினா, அட்டை இல்லாத வார இதழ், சாமியார்களின் சொற்பொழிவு. அன்போடு மறுத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, பெரிய எழுத்து, பெரிய படம் என்று ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக் கூட்டுகிற பிள்ளை சின்னப்பிள்ளை புத்தகம் என்று வெட்கப்படாமல் எடுக்கிற மாதிரி, எளிய வரியில் விறுவிறுப்பான கதைகள் ஒரு பங்கு. அறிவியல், பூச்சி, பறவை, எப்படி வேலை செய்கிறது வகையறா ஒரு பங்கு. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், பிரதம், தூளிகா, தமிழ்ச் சிறுவர் நூல் போடும் சின்னப் பதிப்பகங்கள் என்று தேடினால் நூறு ரூபாய்க்குள் நிறையக் கிடைக்கும். அங்கே பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி (கேரளத்து மலையாளிகள் இல்லை) குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் பேசும் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் உண்டு. அதனால் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவதற்கென்றே சில புத்தகங்களை நாலைந்து பிரதி வாங்க வேண்டும். காட்டெருமை வருகிற கதையை எடுத்து வைத்துவிட்டு நகருங்கள், அதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்கு விளக்குவார்கள்.

இதில் டிஜிட்டலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் இருபது டேப்பாக இல்லை. பழைய லேப்டாப் ஒன்று, ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு யூபிஎஸ். கீவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, மொத்தமாக இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். டவர் கிடைக்காத ஊருக்கு இதைவிட வரம் வேறென்ன? ஸ்டோரிவீவர் கதைகளையும் சேலத்திலேயே இறக்கி ஏற்றிக் கொண்டுபோகலாம். மின்சாரம் இருக்கும் நாளில் ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டு ஒரு வகுப்பே சேர்ந்து வாசிக்கலாம், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போன கதையை மட்டும் அச்சடித்துத் தைத்து ரேக்கில் வைக்கலாம். முப்பதாயிரத்தில் முடிகிற வேலை, நண்பனின் கோரிக்கையில் பாதியாவது நிறைவேறும். மேல்நிலைப்பள்ளி என்றால் என் பதிலும் மாறும்: பதினொன்று பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு, விண்ணப்பம் என்று தினமும் இணையம் தேவை, அங்கே கம்ப்யூட்டருக்குப் பெரிய பங்கு கொடுப்பதில் தப்பில்லை.

பொது நூலகத்தோடு சேர்ந்துகொள்ளலாமே என்று ஒரு அக்கா கேட்டார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டித்தான் வருகிறோம், கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் டவுனில் இருக்கும் கிளைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை தனியாக பஸ் ஏறிப் போய்வர முடியாது. நம் ஆள் மாதம் ஒரு முறை போய் ஒரு கட்டுப் புத்தகம் மாற்றி வருகிற ஏற்பாட்டுக்கு நூலகர் ஒப்புக்கொண்டால் நல்லது, கேட்டுப் பார்க்கிறோம்.

ஆக மொத்தம் நான் குழுவில் வைத்திருக்கும் கணக்கு: புத்தகம் ஒரு லட்சம், இரண்டு தவணையாக. ஆளுக்கு எண்பதாயிரம். திறந்த ரேக், சுவரில் கட்டும் கயிறு, பாய், விளக்கு முப்பத்தைந்தாயிரம். லேப்டாப் வகை முப்பதாயிரம். தொலைவதற்கும் கிழிவதற்கும் இருபத்தைந்தாயிரம். மீதி முப்பதாயிரம் போக்குவரத்து, எதிர்பாராதது. பணத்தை யார் கணக்கில் வைப்பது என்ற பேச்சு வந்தால், 2022 இறுதியில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுப்பதா நேரடியாகப் பொருளாக வாங்கித் தருவதா என்பதைத் தலைமையாசிரியரே சொல்லட்டும். ஆளுக்குக் கொடுக்கும் தொகையை மட்டும் பழைய மாணவர் சார்பில் நாங்களே மாதாமாதம் அனுப்புவது சுலபம்.

புத்தகத்தை ஏன் ஒரே தடவையில் வாங்கவில்லை என்றால், முதல் தவணை நம் ரசனை, அதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். எந்தப் புத்தகம் கிழிகிற அளவுக்குக் கை மாறியது, எது வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று இரவல் நோட்டு சொல்லிவிடும். இரண்டாம் தவணைக்குச் சேலம் புத்தகத் திருவிழா வரும்வரை காத்திருக்கலாம், பத்து சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும். அதிகம் படித்த பிள்ளைகள் கொஞ்சம் பேரையும், ஒன்றுமே எடுக்காத பிள்ளைகள் கொஞ்சம் பேரையும் வேனில் கூட்டி வந்து ஆளுக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்து அவர்களையே பொறுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காத பிள்ளைகள் எதற்கு என்று அந்த டெபாசிட் அண்ணன் கேட்கிறார். நம் ரேக்கில் என்ன இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அதற்குத்தான்.